கருவி போச்சு, இப்போது ரேடியோவில் என்ன சொல்வது? அறிகுறி வாரியாக

"சார், வீ ஆர் ஹேவிங் சம் ப்ராப்ளம் வித் நேவிகேஷன்."

பறக்கும்போது வழிகாட்டும் கருவி ஏதோ செத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு ஒரு மாணவரை ரேடியோவில் பேசச் சொன்னால் பெரும்பாலும் முதலில் வருவது இந்த வாக்கியம்தான். இலக்கணம் பரவாயில்லை, உச்சரிப்பும் புரிகிறது, ஆனால் தரையிலிருந்து விமானங்களை வழிநடத்துகிற கன்ட்ரோலருக்கு இதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. எந்தக் கருவி, இதே வழியில் தொடர்ந்து போக முடியுமா, உயரம் ஒழுங்காகத் தெரிகிறதா, தான் ஏதாவது செய்ய வேண்டுமா அல்லது இது சும்மா தகவலா என்று ஒவ்வொன்றாக அவர் கேட்டு வாங்க வேண்டும், அவர் கேட்கும் ஒவ்வொரு தடவையும் நீங்கள் விமானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு மைக்கை அழுத்த வேண்டும்.

அமெரிக்க விமான விதிகளில் 91.187 என்று ஒரு சின்னப் பிரிவு இருக்கிறது. கருவிகளை நம்பிப் பறக்கும்போது வழிகாட்டும் கருவியோ ரேடியோவோ பழுதானால் நாலு விஷயம் சொல்லச் சொல்கிறது: யார் பேசுவது, எந்தக் கருவி போச்சு, அதனால் எந்த அளவுக்குக் கை கட்டுப்பட்டிருக்கிறது, தரையிலிருந்து என்ன உதவி வேண்டும். நம்மைக் கட்டுப்படுத்துவது இந்திய விதிகள்தான், ஆனால் மனதில் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல வரிசை நான் பார்த்ததில்லை. நான் இதை மூணாகச் சுருக்கிச் சொல்லிக்கொடுப்பேன்: என்ன போச்சு, என்ன முடியாது, என்ன வேணும். முதலாவதை எல்லோரும் சொல்லிவிடுவார்கள், மூணாவதைத்தான் விட்டுவிடுவார்கள். கன்ட்ரோலர் மெக்கானிக் இல்லை, திசை காட்டும் கருவிக்குள் சுழலும் ஜைரோ ஏன் நின்றது என்று அவருக்குத் தெரிந்து ஆகப்போவது எதுவும் இல்லை. உங்களை எந்தப் பக்கம் திருப்புவது, பக்கத்தில் வருகிறவனை எவ்வளவு தள்ளி வைப்பது, அதுதான் அவர் கவலை.

கீழே வருகிற ஆங்கிலத் தொடர்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். நம் எழுத்தில் ஒரே 'ப'தான், பேரிங், பொசிஷன் இரண்டும் அதில்தான் தொடங்கும், ரேடியோவில் அப்படி விட முடியாது. பேரிங்கின் முதல் எழுத்து 'பஸ்' என்று சொல்லும்போது வருகிற ப, பொசிஷனில் வருவது 'பொய்'யில் வருகிற பொ. அப்புறம் லெஃப்ட்டு, ரைட்டு, ஸ்க்வாக்கு என்று கடைசியில் ஓர் உகரம் ஒட்டிக்கொள்ளும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு, அதை வெட்டுங்கள். எடுத்துக்காட்டுகளில் விமானத்தின் அழைப்புப் பெயரை விட்டிருக்கிறேன், நீங்கள் பேசும்போது விடாதீர்கள்.

இன்னொன்று, விமானத்தை நேராக வைத்த பிறகுதான் மைக். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அறிகுறி: ஜிபிஎஸ் பெட்டி ரெய்ம் பற்றி ஏதோ சொல்கிறது

ரெய்ம் என்பது ஜிபிஎஸ் ரிசீவர் தன் கணக்கைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. இருக்கும் இடத்தைக் கணிக்க நாலு செயற்கைக்கோள் போதும், அந்தக் கணிப்பில் தப்பு இருக்கிறதா என்று பார்க்க ஐந்தாவது வேண்டும், தப்புச் செய்வது எது என்று கண்டுபிடித்து ஒதுக்க ஆறாவது வேண்டும். இதைத் தெரிந்துகொண்டால் இரண்டு செய்திகளுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்துவிடும். 'லாஸ் ஆஃப் ரெய்ம்' என்றால் சரிபார்க்க ஆள் பற்றவில்லை, இடம் சரியாகவே இருக்கலாம். 'ரெய்ம் அலர்ட்' என்றால் சரிபார்த்தாயிற்று, கணக்கு உதைக்கிறது. ஐகாவோ என்ற சர்வதேச விமான அமைப்பின் சொற்றொடரில் இரண்டுக்கும் தனித்தனியாக இடம் இருக்கிறது, ஆகவே திரையில் எது வந்ததோ அதையே சொல்லுங்கள்:

"அனேபிள் ஆர்நேவ் டியூ டு லாஸ் ஆஃப் ரெய்ம், ரிக்வெஸ்ட் ரேடார் வெக்டர்ஸ்."

ஆர்நேவ் என்றால் தரை நிலையங்களைத் தொட்டுத் தொட்டுப் போகாமல் ஜிபிஎஸ் போன்றவற்றால் நேராக வழி பிடிப்பது, வெக்டர்ஸ் என்றால் கன்ட்ரோலர் ரேடாரில் பார்த்து எந்தத் திசையில் போவது என்று சொல்வது. காரணம் சரியாகப் பிடிபடவில்லையா, "அனேபிள் ஆர்நேவ் டியூ எக்விப்மென்ட்" போதும். யோசித்துக்கொண்டே மைக்கைப் பிடித்திருப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

'அனேபிள்' என்ற சொல்லில் ஒரு பொறி இருக்கிறது. கன்ட்ரோலர் கேட்டதற்குப் பதில் சொல்லும்போது அழைப்புப் பெயர் கடைசிக்குப் போய்விடும், முதல் சொல்லே 'அனேபிள்'தான். மைக் பட்டனை அழுத்துவதற்கும் ரேடியோ உண்மையில் அனுப்பத் தொடங்குவதற்கும் நடுவில் ஒரு நொடித்துளி இருக்கும், அவசரப்பட்டால் 'அன்' அதில் விழுந்து காணாமல் போய் 'ஏபிள் ஆர்நேவ்' மட்டும் எதிர்முனைக்குப் போகும். முடியாது என்று சொன்னது முடியும் என்று ஆகிவிட்டது! பட்டனை அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் பேசுங்கள். "வீ ஆர் நாட் ஹேவிங் ஜிபிஎஸ்" என்ற நம்மூர் ஆங்கிலத்திலும் இதே ஆபத்துதான், இரைச்சலில் அந்த 'நாட்' போய்விட்டால் மீதி வாக்கியம் நேர் எதிராகச் சொல்லும்.

அறிகுறி: ஜிபிஎஸ் வேலை செய்கிறது, ஆனால் புளுகுகிறது

இதுதான் இப்போது அதிகம் கேட்கிற கதை. ஜாமிங் என்றால் இரைச்சலைப் போட்டு சிக்னலை மூழ்கடிப்பது, அதில் பெட்டி குறைந்தபட்சம் நேர்மையாக 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்லிவிடும். ஸ்பூஃபிங் என்றால் உண்மை போலவே பொய் சிக்னலை அனுப்புவது, பெட்டி அதை நம்பி உங்களையும் நம்ப வைக்கும். 2023 செப்டம்பர் வாக்கில் ஈராக், ஈரான் பக்கம் போன பயணிகள் விமானங்களில் இது பெரிதாகக் கிளம்பியது. இந்தியாவில் அமிர்தசரஸ், ஜம்மு எல்லையோரத்தில் 2023 நவம்பரிலிருந்து 2025 பிப்ரவரி வரை ஜிபிஎஸ் இடையூறு 465 தடவை பதிவானதாக அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. 2025 நவம்பரில் டெல்லிக்கு அருகிலேயே ஜிபிஎஸ்ஸை நம்பி இறங்க வந்த விமானங்கள் இதைச் சந்தித்தன. எஸ்தோனியாவில் டார்ட்டு என்ற சின்ன ஊருக்கு ஃபின்னேர் 2024 ஏப்ரல் கடைசியிலிருந்து ஒரு மாதம் விமானத்தையே நிறுத்தி வைத்தது. அங்கே இறங்குவதற்கு ஜிபிஎஸ்ஸை விட்டால் வேறு வழி வைத்திருக்கவில்லை.

காக்பிட்டில் எப்படித் தெரியும்? வரைபடத்தில் விமானம் திடீரென்று தாவும். கடிகாரம் தப்பு நேரம், சில சமயம் தப்புத் தேதியே காட்டும். காற்றின் வேகமும் தரை வேகமும் நம்ப முடியாத எண்ணாக இருக்கும். 35,000 அடியில் பறந்துகொண்டிருக்கும்போது தரை நெருங்குகிறது, மேலே இழு என்று எச்சரிக்கைக் குரல் கத்தும்.

இந்த நிலையில் "ஜிபிஎஸ் லாஸ்ட்" என்று சொல்லாதீர்கள். லாஸ்ட் என்றால் இல்லை என்று பொருள், உங்களிடம் இருப்பதோ நம்பக்கூடாத ஒன்று. அதற்குச் சொல் 'அன்ரிலையபிள்'. அதோடு 'வீ லாஸ்ட் ஜிபிஎஸ்' என்பதில் கடைசிச் சொல் கரகரத்துப் போனால் 'வீ லாஸ்ட்' மட்டும் கேட்கும், நீங்களே வழி தவறிவிட்டதாக அவர் நினைத்துக்கொள்வார்.

"ஜிபிஎஸ் அன்ரிலையபிள், சஸ்பெக்டட் ஸ்பூஃபிங், பொசிஷன் அன்செர்ட்டன், ரிக்வெஸ்ட் பொசிஷன் பை ரேடார் அண்ட் வெக்டர்ஸ்."

'பை ரேடார்' என்பதை வேண்டுமென்றே போட்டிருக்கிறேன். உங்கள் விமானம் ஏடிஎஸ்-பி வழியாகத் தன் இடத்தை ஒலிபரப்புகிறது, அந்த இடத்தை எடுப்பது அதே ஜிபிஎஸ்ஸிலிருந்து, ஆக தரையில் ஏடிஎஸ்-பியை மட்டும் பார்ப்பவருக்கும் உங்கள் பொய்தான் தெரியும். ரேடார் தானே அலையை அனுப்பித் தூரத்தையும் திசையையும் அளக்கிறது, அதை உங்கள் ஜிபிஎஸ் கெடுக்க முடியாது.

அந்தப் பகுதியைத் தாண்டிய பிறகும் சில சமயம் பெட்டி தெளியாது. கேட்டால் "ஜிபிஎஸ் ஸ்டில் அன்ரிலையபிள்" என்று கூசாமல் சொல்லுங்கள்.

அறிகுறி: திசை காட்டும் கருவி சுற்றுகிறது, அல்லது அப்படியே உறைந்துவிட்டது

இங்கே நம் பிள்ளைகள் விழுகிற பள்ளம் அழகானது. கருவி போச்சு என்றதும் பாடம் பண்ணி வைத்த "ரிக்வெஸ்ட் ரேடார் வெக்டர்ஸ்" தானாக வாயில் வந்துவிடும். கன்ட்ரோலரும் தங்கமாக, "டர்ன் லெஃப்ட் ஹெடிங் டூ ஃபோவர் ஸீரோ" என்பார். 240 எங்கே இருக்கிறது என்று காட்டுகிற கருவிதானே செத்தது! குருடனுக்கு வலது பக்கம் சிவப்புக் கட்டடம் என்று வழி சொன்ன கதை.

சொல்ல வேண்டியது: "ஹெடிங் இண்டிகேட்டர் ஃபெயில்ட், ரிக்வெஸ்ட் நோ-ஜைரோ வெக்டர்ஸ்."

இதைக் கேட்டதும் அவருடைய பாஷையே மாறிவிடும். "மேக் ஆல் டர்ன்ஸ் ரேட் ஒன், எக்ஸிக்யூட் இன்ஸ்ட்ரக்ஷன்ஸ் இமீடியட்லி அப்பான் ரிசீட்" என்று ஆரம்பிப்பார். ரேட் ஒன் என்றால் நொடிக்கு 3 பாகை, முழு வட்டம் அடிக்க 2 நிமிடம். அதற்கப்புறம் எண்ணே வராது. "டர்ன் லெஃப்ட் நவ்" என்பார், திரும்புவீர்கள். ரேடாரில் நீங்கள் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே இருந்து "ஸ்டாப் டர்ன் நவ்" என்பார், நிறுத்துவீர்கள். 'நவ்' என்றால் இப்போதே. அரை நொடி தாமதித்தால் ஒன்றரைப் பாகை தள்ளிப்போகும், ரன்வேக்கு நேரே வருகிற நேரத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

திரும்பும் கருவியும் கூடவே போயிருந்தால் ரேட் ஒன் என்பதை உங்களால் பிடிக்க முடியாது. அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "அனேபிள் ரேட் ஒன் டர்ன்ஸ்." காற்று உறிஞ்சும் பம்ப் நின்றால் அதில் ஓடுகிற திசைக் கருவியும் தொடுவானக் கருவியும் ஒன்றாகச் சாகும், மேகத்துக்குள் இருக்கிறீர்கள் என்றால் இது பான்-பான் என்ற அவசர அழைப்பைச் சொல்ல வேண்டிய இடம். கூச்சப்பட வேண்டாம், அதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

அறிகுறி: விஓஆர் முள்ளோ ஐஎல்எஸ் முள்ளோ கொடியைக் காட்டுகிறது

விஓஆர் என்பது தரை நிலையத்திலிருந்து திசை காட்டும் ரேடியோ, ஐஎல்எஸ் ரன்வேக்கு வழிகாட்டி இறக்கும் ரேடியோ, அதில் இடம் வலம் காட்டுவது லோக்கலைஸர். முள்ளை நம்பாதே என்று கருவி காட்டும் அடையாளம்தான் கொடி. முதல் கேள்வி, கெட்டது உங்கள் பெட்டியா, தரையில் இருக்கும் நிலையமா? அதைக் கேட்டே தெரிந்துகொள்ளலாம், அவமானம் ஒன்றும் இல்லை: "லோக்கலைஸர் ஃப்ளாக், கன்ஃபர்ம் ஐஎல்எஸ் ரன்வே ஸீரோ செவன் சர்வீஸபிள்?" தரை நிலையம் சரியாக இருக்கிறது, முன்னால் போனவரும் ஐஎல்எஸ்ஸில்தான் இறங்கினார் என்று அவர் சொன்னால் கோளாறு உங்கள் பக்கம். இரண்டு விஓஆர் பெட்டி இருக்கும் விமானத்தில் "விஓஆர் ஒன் ஃபெயில்ட்" என்று மட்டும் சொன்னால் கேட்கிறவர் பாதி பயந்துவிடுவார், "விஓஆர் டூ நார்மல்" என்று ஒட்டிவிடுங்கள். ஐகாவோ பாஷையில் இறங்கும் சரிவுக்கு 'கிளைட் பாத்', அமெரிக்கர்கள் 'கிளைட் ஸ்லோப்' என்பார்கள், இரண்டும் ஒன்றுதான்.

கொடி வந்தால் பாக்கியம் என்று நினைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கொடி வராமலே ஏமாற்றுவதுதான் மோசம். 2000 ஜூலை 29 இரவு ஏர் நியூசிலாந்தின் போயிங் 767 ஒன்று, பயண எண் 60, சமோவாவின் ஆப்பியாவில் இறங்க வந்தது. காக்பிட்டில் முள் நட்டநடுவில் நின்றது, கொடி எதுவும் இல்லை, நிலையத்தின் அடையாள ஒலியும் சரியாகக் கேட்டது. எல்லாமே சரி, தூரத்தைத் தவிர. தரையில் கிளைட் பாத் டிரான்ஸ்மிட்டர் சோதனை நிலையில் விடப்பட்டு, சரிவு எங்கே என்ற செய்தியே இல்லாத அலையை அனுப்பிக்கொண்டிருந்தது, அதனால் விமானம் எங்கே இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும். உயரமும் தூரமும் ஒத்துப்போகவில்லை என்று விமானிகள் கண்டுபிடித்து மேலே ஏறும்போது தரைக்கு ஏறத்தாழ 400 அடி உயரத்தில் இருந்தார்கள், ரன்வேக்கு இன்னும் 5 மைலுக்கு மேல் பாக்கி.

ஆகவே 3 பாகைச் சரிவில் ஒரு கடல் மைலுக்குச் சுமார் 300 அடி என்ற வாய்ப்பாட்டை மனதில் ஓட்டுங்கள். 5 மைலில் 1,500 அடி சொச்சம் இருக்க வேண்டும். ஒத்துப்போகவில்லையா, முதலில் ஏறுங்கள், ஏறிக்கொண்டே சொல்லுங்கள்:

"கோயிங் அரவுண்ட், கிளைட் பாத் அன்ரிலையபிள், நோ ஃப்ளாக்."

அந்த 'நோ ஃப்ளாக்' உங்களுக்காக இல்லை, பின்னால் அதே முள்ளை நம்பி வருகிறவருக்காக. கொடி இல்லாமல் தப்பு என்று கேட்டால் கன்ட்ரோலர் தரை நிலையத்தைச் சந்தேகிப்பார், அடுத்தவரையும் எச்சரிப்பார்.

அறிகுறி: கன்ட்ரோலர் "ரீசெட் ஸ்க்வாக்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்

ரேடார் கேட்டதும் விமானத்தின் குறியீட்டையும் உயரத்தையும் பதிலாக அனுப்பும் பெட்டிதான் டிரான்ஸ்பாண்டர், அதில் குறியீட்டை வைப்பதைத்தான் ஸ்க்வாக் என்பார்கள். உங்களுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும், அவருடைய திரையில்தான் நீங்கள் மங்கிக்கொண்டிருப்பீர்கள். டிரான்ஸ்பாண்டர் கோளாறு அப்படித்தான், நோயாளிக்கு வலிக்காது. 2006 செப்டம்பர் 29 அன்று பிரேசிலில் ஒரு லெகசி 600 குட்டி ஜெட்டின் டிரான்ஸ்பாண்டர் ஏறத்தாழ 50 நிமிடம் பேசாமல் இருந்தது. அதில் இருந்தவர்களும் கவனிக்கவில்லை, தரையிலும் யாரும் அதைத் தீர்த்து வைக்கவில்லை. 37,000 அடியில் எதிரே வந்த கோல் நிறுவனத்தின் போயிங் 737மீது இடித்தது. 737இல் இருந்த 154 பேரும் போனார்கள். டிரான்ஸ்பாண்டர் பேசாவிட்டால் கன்ட்ரோலருக்கு மட்டுமல்ல, எதிரே வரும் விமானத்தின் மோதல் தடுப்புக் கருவிக்கும் நீங்கள் கிடையாது.

பெட்டியை ஒரு தடவை மறுபடி அமைத்துப் பாருங்கள், இரண்டாவது பெட்டி இருந்தால் மாற்றிப் பாருங்கள். வரவில்லையென்றால் "டிரான்ஸ்பாண்டர் அன்சர்வீஸபிள்" என்று முடிவாகச் சொல்லுங்கள். இனிமேல் அவர் உங்கள் இடத்தையும் உயரத்தையும் வாய்வழியாகத்தான் வாங்குவார்.

ஒரு குழப்பத்தை இங்கே அவிழ்க்க வேண்டும். கன்ட்ரோலர் "ஸ்டாண்ட்பை" என்றால் பொறு, கூப்பிடுகிறேன் என்று அர்த்தம். "ஸ்க்வாக் ஸ்டாண்ட்பை" என்றால் டிரான்ஸ்பாண்டரைப் பேசாத நிலைக்குத் திருப்பு என்று அர்த்தம். முன்னால் 'ஸ்க்வாக்' கேட்டதா இல்லையா என்று தெரியாமல் பட்டனைத் திருகாதீர்கள், "ஸே அகெய்ன்" கேளுங்கள். "ஸ்டாப் ஸ்க்வாக் சார்லி, ராங் இண்டிகேஷன்" என்றால் உயரம் அனுப்புவதை மட்டும் நிறுத்தச் சொல்கிறார், மொத்தப் பெட்டியையும் அணைத்துவிட வேண்டாம்.

அறிகுறி: உயரமானிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை

இந்தப் பட்டியலில் எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். உடனே தோன்றும் யோசனை தரையைக் கேட்போம் என்பது. கேட்டால் அவரும் சொல்வார். ஆனால் அவர் திரையில் தெரிகிற உயரம் உங்கள் விமானம் டிரான்ஸ்பாண்டர் வழியாக அனுப்பியது, அதாவது உங்கள் பழுதான கருவி சொன்னதையே அவர் உங்களிடம் திருப்பிப் படிக்கிறார்.

1996 அக்டோபர் 2, பெருவின் லிமாவிலிருந்து ஏரோபெரு 603 கிளம்பியது. விமானத்தைக் கழுவும்போது காற்றழுத்தத் துளைகள்மீது ஒட்டிய டேப்பை எடுக்க மறந்திருந்தார்கள். நள்ளிரவு, கீழே கடல், ஒரு விளக்கு இல்லை. வேகமும் உயரமும் தாறுமாறாகக் காட்டின. தரையில் கேட்டார்கள், 9,700 அடி என்று பதில் வந்தது, காக்பிட்டிலும் அதே 9,700. இரண்டு சாட்சி ஒன்றாகச் சொன்னதுபோல் இருந்தாலும் இருந்தது ஒரே சாட்சிதான். தண்ணீரில் மோதியபோதும் உயரமானி 9,700 அருகில்தான் நின்றது. 70 பேர்.

இதற்குத் தயாராக வைத்த சொற்றொடர் கிடையாது, சாதாரண ஆங்கிலம்தான் பேச வேண்டும், ஐகாவோ நாலாம் நிலை மொழித் தேர்ச்சி கேட்பது இந்த மாதிரி நேரத்துக்காகத்தான். வாக்கியத்தைக் குட்டியாக வெட்டுங்கள்:

"ஆல் ஆல்டிட்யூட் இண்டிகேஷன்ஸ் அன்ரிலையபிள். யுவர் ரீட்அவுட் ஈஸ் ஃப்ரம் அவர் ஆல்டிமீட்டர். டூ நாட் யூஸ் இட். ரிக்வெஸ்ட் கிரவுண்ட் ஸ்பீட் அண்ட் பொசிஷன்."

தரை வேகத்தையும் இடத்தையும் ரேடாரே அளக்கிறது, அவற்றை நம்பலாம். உயரத்தை மட்டும் அவரிடம் வாங்காதீர்கள்.

பெரிய விமானத்தில், 29,000 அடியிலிருந்து 41,000 அடி வரையுள்ள அடுக்கில் இரண்டு உயரமானிகளில் ஒன்று கெட்டது, அவ்வளவுதான் என்றால் இவ்வளவு நாடகம் வேண்டாம். அங்கே விமானங்களுக்கு நடுவே 1,000 அடிதான் இடைவெளி, அது உங்கள் கருவிகள்மீது வைத்த நம்பிக்கையில் கொடுத்த இடைவெளி, அதற்குத்தான் ஆர்விஎஸ்எம் என்று பெயர். "அனேபிள் ஆர்விஎஸ்எம் டியூ எக்விப்மென்ட்" என்று சொன்னால் 2,000 ஆக்கிக் கொடுப்பார்.

கருவி நன்றாக இருந்து, அதில் வைத்த எண் தப்பாக இருப்பதும் உண்டு. 2022 மே 23, பாரிஸ் சார்ல் த கோல். கன்ட்ரோலர் ஏர்ஹப் நிறுவனத்தின் ஏர்பஸ் 320 ஒன்றுக்குக் காற்றழுத்தம் 1001 என்பதற்குப் பதில் 1011 என்று சொல்லிவிட்டார், விமானி அதையே திருப்பிப் படித்தார், யாருக்கும் உறைக்கவில்லை. அதே நேரத்தில் பிரெஞ்சில் பேசிய இன்னொரு விமானத்துக்குச் சரியான எண் போனது. 10 அலகுத் தப்பு, சுமார் 280 அடி. மழையில் ரன்வே தெரியாமல் இறங்கி, தரைக்கு 6 அடி வரை போய் எழும்பினார்கள். உயரமானியில் வைக்க வேண்டிய இந்தக் காற்றழுத்த எண்ணுக்குப் பெயர் கியூஎன்ஹெச். ஏறும்போதே மறுபடி கேளுங்கள்: "கன்ஃபர்ம் கியூஎன்ஹெச்." விமான நிலையத்தின் தகவல் ஒலிபரப்பில் கேட்ட எண்ணும் கன்ட்ரோலர் சொன்ன எண்ணும் ஒன்றா என்று பார்ப்பதற்கு ஒரு பைசா செலவில்லை.

அறிகுறி: கடலுக்கு மேல், ரேடார் இல்லாத இடத்தில்

வங்காள விரிகுடாவைத் தாண்டிப் போகிறவர்களுக்கு. அங்கே வெக்டர்ஸ் கேட்பதில் பயன் இல்லை, பார்க்க ஆளில்லை. அங்கே வழி பிடிப்பதில் கேட்கும் 10 கடல் மைல் துல்லியத்துக்குத்தான் ஆர்என்பி டென் என்று பெயர். "அனேபிள் ஆர்என்பி டென் டியூ எக்விப்மென்ட்" என்று தொலைதூரம் எட்டும் ஹெச்எஃப் ரேடியோவிலோ தட்டச்சுச் செய்தியாகவோ சொல்லி, புது அனுமதி கேளுங்கள். எழுத்தில் அனுப்பும்போது உச்சரிப்புத் தொல்லை இல்லை என்பது ஒரு நிம்மதி.

அறிகுறி: ரேடியோவே இருமுகிறது

விட்டு விட்டுக் கேட்டால் "ரேடியோ இன்டர்மிட்டன்ட்" என்று கேட்கும்போதே சொல்லிவிடுங்கள், பிறகு சொல்ல முடியாமல் போகலாம். நீங்கள் பேசுவது போகிறது, அவர் பேசுவது வரவில்லை என்ற சந்தேகம் இருந்தால் "டிரான்ஸ்மிட்டிங் பிளைண்ட்" என்று தொடங்கி ஒவ்வொரு செய்தியையும் இரண்டு தடவை சொல்லுங்கள். முழுசாகப் போச்சென்றால் டிரான்ஸ்பாண்டரில் 7600, ரேடியோ போச்சு என்பதற்கான குறியீடு.

அறிகுறி: எல்லாம் சொல்லியாயிற்று, அவருக்கு உறைக்கவே இல்லை

இங்கே பெரும்பாலும் ஆங்கிலம் குற்றவாளி இல்லை, நம் மரியாதைதான். 1990 ஜனவரி 25, நியூயார்க் வானத்தில் அவியன்கா 52 ஒரு மணி நேரத்துக்கு மேல் வட்டமடித்துக் காத்திருந்தது. முதல் தடவை இறங்க முடியாமல் மேலே ஏறியபோது கேப்டன் ஸ்பானிய மொழியில் துணை விமானியிடம், நாம் எமர்ஜென்சியில் இருக்கிறோம் என்று அவர்களிடம் சொல் என்றார். துணை விமானி ரேடியோவில் சொன்னதோ, இன்னொரு தடவை முயல்கிறோம், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று மட்டும். எமர்ஜென்சி என்ற சொல்லும் வரவில்லை, மேடேயும் வரவில்லை. கன்ட்ரோலர் காதில் அது வழக்கமான புலம்பலாக விழுந்தது. எரிபொருள் தீர்ந்து விழுந்த அந்த விமானத்தில் இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள்.

பெரியவர்களிடம் நேரடியாகக் கேட்காமல் சுற்றி வளைத்துச் சொல்லும் வளர்ப்பு நமக்கும் உண்டு. "சார், இஃப் பாஸிபிள், ஸ்லைட் ப்ராப்ளம்" என்று ஆரம்பிக்கும் குரலை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். இந்திய வானில் 'சார்' சகஜம்தான், ஆனால் கருவி செத்திருக்கும்போது 'ஸ்லைட்', 'ஸ்மால்', 'இஃப் பாஸிபிள்' மூன்றும் அவருடைய காதில் அவசரமில்லை என்றுதான் மொழிபெயர்க்கப்படும். உதவி வேண்டும், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை என்றால் "பான்-பான்" மூன்று முறை. ஆபத்து என்றால் "மேடே" மூன்று முறை. சொன்னதற்காகப் பின்னால் ஒரு காகிதம் எழுத வேண்டி வரலாம், எழுதிக்கொள்ளலாம்.

ஆளுக்குப் புரியாதது உச்சரிப்பாலா என்று பார்க்கச் சுலபமான வழி உண்டு. அவர் "ஸே அகெய்ன்" கேட்டால் அதே வாக்கியத்தை அதே வேகத்தில் கத்தாதீர்கள், சுருக்கி, மெதுவாக, கருவியின் பெயரை முதலில் வைத்துச் சொல்லுங்கள். எண்ணில் தடங்கல் என்றால் ஐகாவோ உச்சரிப்புக்குப் போங்கள்: ட்ரீ, ஃபோவர், ஃபைஃப், நைனர். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் ரேடியோவில் இரட்டைப் பிள்ளைகள், 'ஒன் ஃபைஃப்', 'ஃபைஃப் ஸீரோ' என்று பிரித்துவிட்டால் தொல்லை இல்லை. அவர் சொல்வது உங்களுக்குப் புரியவில்லையென்றால் "ஸ்பீக் ஸ்லோவர்" என்பதும் முறையான சொற்றொடர்தான், 'ரோஜர்' போட்டு மழுப்ப வேண்டாம். ரோஜர் என்றால் நீ கடைசியாகச் சொன்னது முழுவதும் வந்து சேர்ந்தது என்று பொருள், தலையாட்டுவதற்கு அதைப் பயன்படுத்தாதீர்கள்.

அறிகுறி: கருவி திரும்பி வந்துவிட்டது

பாதிப் பேர் இதைச் சொல்லவே மறந்துவிடுவார்கள். அங்கே கன்ட்ரோலர் உங்களுக்காக ஒரு அடுக்கைக் காலியாக வைத்துக்கொண்டு, பக்கத்தில் வருகிறவர்களைச் சுற்றவிட்டுக்கொண்டிருப்பார். சில நிமிடம் பொறுத்து, வேறொரு கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்து, நிஜமாகவே தெளிந்துவிட்டது என்று தெரிந்த பிறகு "ஜிபிஎஸ் நார்மல், ஏபிள் ஆர்நேவ்" என்றோ "ரெடி டு ரெஸ்யூம் ஆர்விஎஸ்எம்" என்றோ சொல்லுங்கள். இந்தத் தடவை 'ஏபிள்' முழுசாகப் போகட்டும், பட்டனை அழுத்தி ஒரு மூச்சு விட்ட பிறகு.